அசட்டை

கொடியில் அங்கி தொங்குகிறது, இரண்டு கைகளும் செத்தாற்போல் கீழே விழுந்து, தோளுக்கு ஒன்றாக இரண்டு கிளிப்புகள், விளிம்பிலிருந்து கஞ்சித் தண்ணீர் செம்மண்ணில் சொட்ட, சொட்டிய இடம் கறுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சிவக்க, அம்மா இன்றும் அதைத் துவைத்துப் போட்டிருக்கிறாள், யாரும் உடுத்தாத துணியில் என்ன அழுக்கு என்று முன்பு ஒருமுறை கேட்டேன், தூசி படியுதுல்லா என்றாள், அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, அது எப்சி அக்காவின் கொயர் அங்கி, கோயில் பாடகர் குழுவில் நின்று பாடும்போது போடுவது, கழுத்துப் பட்டியின் உள்பக்கம் சிவப்பு நூலால் எ என்று அவளே தைத்திருக்கிறாள், கை மணிக்கட்டு வரை நீளம், அந்த நீளம் அவளுக்கு ஒரு காலத்தில் தேவைப்பட்டது, இன்று காற்று இல்லை, பனைகள்கூட அசையவில்லை, குருத்தோலை ஞாயிறு, காலையில் பவனியில் பிள்ளைகள் பிடித்துப்போன ஓலைகள் தெருவெல்லாம் மிதிபட்டுக் கிடக்கின்றன, சாயங்காலம் கோயிலில் கொயர் வருஷத்துக்கு ஒருமுறை பாடும் பெரிய பாட்டு, அம்மா உள்ளே இருந்து, ஏட்டி, வாரியா கோயிலுக்கு என்கிறாள், நான் கொல்லைப் படியில் உட்கார்ந்து அங்கியையே பார்க்கிறேன், வாரேன் என்று சொன்னேனா, நினைத்தேனா, தெரியவில்லை, எனக்கு எப்போதும் அப்படித்தான், நினைத்ததைச் சொல்லிவிட்டதாக நம்பிக்கொண்டு நாள் கழிகிறது.

எனக்கு ஆறு வயது, பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளும் முடியாத நீண்ட மத்தியானம், யாரோ வேதம் வாசிக்கிறார்கள், அசட்டை பண்ணப்பட்டவர் என்று வருகிறது, நான் பக்கத்தில் இருந்த அக்காவின் காதில், அசட்டைன்னா சட்டை இல்லாதவராக்கா என்று கேட்கிறேன், நீதி இல்லாதது அநீதி, சுத்தம் இல்லாதது அசுத்தம், ஞாயிறு பள்ளியில் அவ்வளவு சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அக்கா கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு குலுங்குகிறாள், அம்மா முன்பக்கமிருந்து திரும்பி முறைக்கிறாள், சிரிப்பு அடங்கியதும் அக்கா குனிந்து, ஆமாட்டி, சட்டைய உருவிச் சீட்டுப் போட்டு எடுத்துக்கிட்டாங்கல்லா, அப்ப சட்டை இல்லாதவருதான என்றாள், அது அவ்வளவு சரியாக இருந்ததால் நான் வேறு அர்த்தம் தேடவே இல்லை, கல்லூரியில் ஒரு பெண் என்னை ஏன் அசட்டையாக இருக்கிறாய் என்று கேட்டபோது துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டேன், அவள் சிரித்தாள், வார்த்தைக்கு இகழ்ச்சி, புறக்கணிப்பு என்று அர்த்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, தெரிந்த பிறகும் எனக்குள் அது சட்டை உரியப்பட்டவனாகவே நின்றது, பெரிய பாட்டின் நடுவில் அவனைப் பற்றி ஒரு தனிப்பாடல் வரும், பெண்களின் தாழ்ந்த குரலுக்கென்று எழுதியது, வார்த்தைகள் இங்கிலீஷ், எங்களில் பாதிப் பேர் அதைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறவர்கள், அக்கா பத்தொன்பது வயதிலிருந்து அதைப் பாடினாள், அவள் பாடும்போது குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, நான் இயற்பியல் படித்தவள், ஒலி மரத்தில் வேகமாகவும் காற்றில் மெதுவாகவும் போகும் என்று தெரியும், அவள் குரல் முதலில் நான் பிடித்திருக்கும் பெஞ்சுக்கு வரும், பிறகுதான் காதுக்கு.

அந்தப் பாட்டின் கதையை மாசிலாமணி சார் ஒவ்வொரு வருஷமும் சொல்வார், அவர் கொயர் மாஸ்டர், பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கறுப்புக் கோட்டும் நாமக்கட்டி மாதிரி வெள்ளை மீசையுமாக மைக்கின் முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமுவார், ஜெர்மனியில் பிறந்து லண்டனில் பிழைத்த ஒரு இசைக்காரர், உடம்பு கெட்டு, கச்சேரிக்கு ஆள் வராமல் போய், எல்லாம் முடிந்தது என்று ஊர் நினைத்த காலத்தில் சில வாரங்களுக்குள் இதை எழுதினார், முதன்முதலாகப் பாடியது லண்டனில் இல்லை, கடல் தாண்டி டப்ளினில், சிறையில் கிடந்தவர்களுக்காகவும் ஆஸ்பத்திரிக்காகவும், கூட்டம் தாங்காதென்று பெண்களைக் கூண்டு வைத்த பாவாடை இல்லாமல் வரச் சொன்னார்கள், ஆண்களை வாள் இல்லாமல், இந்த இடத்தில் சார் நிறுத்தி, நம்ம கோயிலுக்கு நகை இல்லாம வரச் சொன்னா எத்தன பேரு வருவிய என்பார், சபை சிரிக்கும், சிரித்து முடியட்டும் என்று காத்திருந்து குரலை இறக்குவார், அந்தத் தனிப்பாட்டப் பாடுனவ ஒரு நாடகக்காரி, புருஷன விட்டவ, கோர்ட்டு வரைக்கும் போயி ஊரெல்லாம் நாறிப்போன பேரு, அவ பாட எந்திரிக்கும்போது ஒருத்தனும் அவ மூஞ்சியப் பாக்கல, கேட்டியளா, அவ பாடுனா, முடிச்சா, சத்தம் இல்ல, அப்பம் ஒரு குருவானவரு, ஐயரவாள் மாதிரி ஒருத்தரு, எந்திரிச்சு நின்னு, பெண்ணே, இந்த ஒண்ணுக்காவ உன் பாவமெல்லாம் மன்னிக்கப்படட்டும்னு சொன்னாரு, இங்கே சாரின் மூக்குக் கண்ணாடி நனையும், வருஷா வருஷம் நனையும், எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், முன்வரிசையில் ஐயரவாளும் தலையை ஆட்டுவார், பிறகு சார் கண்ணாடியைத் துடைத்து, கடைசியில் வரும் கோரஸைப் பற்றிச் சொல்வார், அதை லண்டனில் பாடியபோது ராஜா எழுந்து நின்றார், ராஜா நின்றதால் எல்லோரும் நின்றார்கள், அன்றிலிருந்து உலகமெங்கும் நிற்கிறார்கள், நீங்களும் நிக்கணும், கைப்பிள்ளைக்காரிகளும் நிக்கணும், அந்தக் கோரஸ் முடியும் தறுவாயில் திடீரென்று ஒரு மௌனம் வரும், எல்லாக் குரலும் அறுந்து, ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இருக்காது, சார் அதைக் குழி என்பார், பயிற்சியில் குச்சியைத் தூக்கிப் பிடித்து, குழியில ஒருத்தரும் விழுந்துராதிய என்பார், அதில் அவசரப்பட்டு வாயைத் திறந்துவிட்டவர்களின் பேர் எங்கள் ஊரில் பல வருஷம் நிற்கும், குழியில விழுந்த டேனியலு என்று மீன் கடைக்காரரைக் கூப்பிடுகிறவர்கள் இன்றும் உண்டு.

அக்காவைக் கட்டியவரும் இதே சபைதான், மரக்கடை வைத்திருந்தார், நான் அத்தான் என்று கூப்பிட்டேன், இப்போது அந்த வார்த்தை வாயில் வருவதில்லை, முதல் வருஷம் அவள் பயிற்சிக்கு வந்தாள், இரண்டாம் வருஷம் பாதி நாட்கள், மூன்றாம் வருஷம் அங்கியின் கை நீளம் போதுமா என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டாள், உடைமாற்றும் அறையில் புடவையின் தலைப்பு நழுவியபோது நான் பார்த்தேன், முழங்கைக்கு மேலே, முக்கோணமாக, கூரான மூலை தோளைப் பார்த்து, இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம் எப்படி இருக்குமோ அப்படி, அக்கா தலைப்பை இழுத்துக்கொண்டு, சூடா இருந்துச்சு, கவனிக்கல என்றாள், இஸ்திரி போடுகிறவள் பெட்டி பிடித்த கையிலேயே எப்படிச் சுட்டுக்கொள்வாள் என்று நான் கேட்கவில்லை, சுட்ட அன்றைக்கு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவள் டீச்சராக இருந்த பள்ளியில் கணக்கு எடுக்கிற சார், அவர் ஸ்கூட்டரில், பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டு வழியாக, புண் ஆறுவதற்கு முன் அந்த ஸ்கூட்டர் ஊரை மூன்று சுற்றுச் சுற்றி வந்துவிட்டது, அக்கா ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து இனி போகமாட்டேன் என்றாள், வக்கீலைப் பார்த்தாள், மரக்கடைக்காரர் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சபைக் கமிட்டியில் போய் நின்றார், அவ வெள்ள அங்கி போட்டு மேல நின்னு பாடுவா, நான் கீழ இருந்து கேக்கணுமா, அப்படின்னா எனக்கு இந்தச் சபை வேண்டாம் என்றாராம், புதுக் கூரைக்குத் தேக்கு அவர் கடையிலிருந்துதான் வந்திருந்தது, கமிட்டி பேசியது, மாசிலாமணி சார் வீட்டுக்கு வந்தார், உட்காரவில்லை, கேஸு முடியட்டும்மா எப்சி, அதுவரைக்கும் அங்கிய மட்டும் திருப்பிக் குடுத்துரு, பாட்டு எங்கயும் போயிராது என்றார், சார், அந்தக் குருவானவரு எந்திரிச்சாருன்னு சொல்லுவியள, அது நெசந்தானா என்றாள் அக்கா, அது வரலாறும்மா என்றார் சார், அப்பம் சரி, வரலாறு பத்திரமா இருக்கட்டும் என்றாள் அக்கா, அன்று சாயங்காலமே அங்கியைக் கஞ்சி போட்டு, நீலம் போட்டு, இதே கொடியில் காயவைத்து, மடித்து, வந்து வாங்கிக்கிடட்டும் என்று மேசையில் வைத்தாள், ஒருவரும் வரவில்லை, அதைத் தொட்டு எடுத்துப்போக ஒருவருக்கும் மனமில்லை, அல்லது கை கூசியது, கோயில் அலமாரியில் வேறு அங்கிகள் இருந்தன.

அடுத்த வாரம் சார் மறுபடி வந்தார், இந்தத் தடவை என்னைப் பார்க்க, நீ பாடு பாப்பா என்றார், ரெண்டு பேருக்கும் ஒரே தொண்ட, கண்ணை மூடிக் கேட்டா எது எப்சி எது நீன்னு எனக்கே தெரியாது என்றார், நான் தனியாக ஒரு வரிகூடப் பாடியதில்லை, கல்லூரியில் வைவாவில் பதில் தெரிந்தும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவள், கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும்போதுதான் எனக்கு வாய் திறக்கும், மாட்டேன் என்று சொல்லவும் ஒரு குரல் வேண்டும், அது என்னிடம் இல்லை, சும்மா நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சார் போய்விட்டார், அம்மா, பாடினா என்ன, நம்ம வீட்டுப் பிள்ளையில ஒண்ணு நின்னா ஊரு வாய் கொஞ்சம் அடையும்லா என்றாள், அக்கா தேங்காய் திருகிக்கொண்டிருந்தாள், திருகுவதை நிறுத்தவில்லை, பாடுட்டி, என் தொண்டைதான, கேஸு இல்லாத தொண்ட என்றாள், அதற்குப் பிறகு நான் வீட்டில் அதைப் பாடிப் பார்க்கவில்லை, வேலை பார்க்கும் ஆய்வகத்தில், தண்ணீர் மாதிரிகளைக் குலுக்கிக்கொண்டே உதட்டை அசைத்துப் பழகினேன், கண்ணாடிக் குப்பிகள் மெல்ல ரீங்கரித்தன, ஒருநாள் வீட்டில் குளித்துக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா அதை முனகுவது கேட்டது, நான் தண்ணீரை நிறுத்தினேன், அவளும் நிறுத்திவிட்டாள்.

அந்த வருஷக் குருத்தோலை ஞாயிறு, கோயில் நிரம்பி வழிகிறது, புதுக் கூரையில் தேக்கு வாசனை, ஃபேன்கள் அதைக் கீழே தள்ளுகின்றன, சார் கதையைச் சொல்கிறார், நகை இல்லாமல் வரச் சொல்லும் இடத்தில் சிரிக்கிறார்கள், நாடகக்காரி வருகிறாள், குருவானவர் எழுகிறார், சாரின் கண்ணாடி நனைகிறது, இந்த வருஷமும் நனைகிறது, நான் அதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன், அது நடிப்பு இல்லை, அதுதான் எனக்கு இன்றுவரை தாங்கவில்லை, அக்கா கடைசிப் பெஞ்சில், ஊதாப் புடவை, குட்டைக் கை ரவிக்கை, வேண்டுமென்றே அதை எடுத்து உடுத்தினாள், அம்மா சேலையை மூடிக்கோட்டி என்றதற்கு வெக்கையா இருக்கு என்றாள், என் முறை வருகிறது, நான் எழுந்து முன்னால் போய் நிற்கிறேன், ஆர்கன் முன்னிசையை வாசிக்கிறது, மெதுவான, கேட்டுக் கேட்டு எலும்பில் ஏறிவிட்ட சில அடிகள், என் இடம் வருகிறது, சார் கையை என்னை நோக்கி விரிக்கிறார், நான் வாயைத் திறக்கிறேன், ஒன்றும் வரவில்லை, ஆர்கன் வாசிக்கிற தங்கராணி மிஸ் திடுக்கிட்டு மறுபடி முதலிலிருந்து வாசிக்கிறாள், மறுபடி என் இடம், சார் உதட்டை அசைத்து முதல் வார்த்தையைக் காட்டுகிறார், நான் வார்த்தையை மறக்கவில்லை, வாய் திறந்தபடி நிற்கிறேன், யாரோ, பிள்ளைக்குப் பயம் என்கிறார்கள், யாரோ, தண்ணி குடுங்க என்கிறார்கள், அப்போது நான் பிடித்திருந்த மரத் தடுப்புக்கு அது முதலில் வருகிறது, பிறகு காதுக்கு, கடைசிப் பெஞ்சிலிருந்து அக்கா எழுந்துவிட்டாள், அவள் பாடத் தொடங்கிவிட்டாள், தலைகள் வரிசை வரிசையாகத் திரும்புகின்றன, அவள் யாரையும் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள், சின்ன வயதில் நான் மேடையில் வசனம் மறந்து நின்றபோது கீழேயிருந்து எடுத்துக்கொடுப்பாளே, அந்த முகம், வலது கையால் முன்பெஞ்சைப் பிடித்திருக்கிறாள், முழங்கைக்கு மேல் அந்த முக்கோணம், ட்யூப் லைட் வெளிச்சத்தில், வழவழவென்று, எல்லோரும் பார்க்கிறார்கள், பார்த்தார்கள், ஒருவரும் பார்க்கவில்லை என்று யாரும் இனி சொல்ல முடியாது, மரக்கடைக்காரர் நடுவரிசையில் பாட்டுப் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருக்கிறார், அவள் சட்டை உரியப்பட்டவனைப் பற்றிப் பாடுகிறாள், முழுதும் பாடுகிறாள், அவசரப்படாமல், கடைசிச் சுரத்தைத் தரையில் வைப்பதுபோல் வைத்துவிட்டு நிறுத்துகிறாள்.

சத்தம் இல்லை. கதையில் வருகிற அதே இடம், குழியைவிட நீளமான குழி, நான் ஐயரவாளைப் பார்க்கிறேன், அவர் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருக்கிறார், சாரைப் பார்க்கிறேன், அவர் நிற்கிறார், ஆனால் அவர் முதலிலிருந்தே நிற்கிறவர், அம்மாவைப் பார்க்கிறேன், முக்காட்டை நெற்றி வரை இழுத்துக்கொண்டு குனிந்திருக்கிறாள், யாராவது ஒருவர், கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, குழியில விழுந்த டேனியல், யாராவது எழுந்தால் போதும், நான் எழலாம் என்று பார்த்தால் நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறேன், நிற்கிறவளால் எழ முடியாது, ஒரு பிள்ளை தும்மியது, சார் தங்கராணி மிஸ்ஸுக்குத் தலையசைத்தார், அடுத்தது தொடங்கியது, அக்கா உட்கார்ந்தாள், பிறகு பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் அந்தக் கோரஸ் வந்தது, ஆர்கனின் முதல் அடி விழுந்ததும் கோயில் முழுவதும் ஒரே ஆளாக எழுந்தது, பெஞ்சுகள் கிறீச்சிட, பட்டுகள் சரசரக்க, ஐயரவாள், கமிட்டி, மரக்கடைக்காரர், கைப்பிள்ளைக்காரிகள், அம்மா, எல்லோரும், எப்போதோ ஒரு ராஜா எழுந்தார் என்பதற்காக, கடைசிப் பெஞ்சில் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள், வாசலில் நின்ற கோயில்பிள்ளை, மணி அடிக்கிறவர், குனிந்து அவள் தோளருகே, எந்திரிம்மா, எல்லாரும் நிக்காவல்லா என்றார், அவள் எழுந்தாள், அவர் சொன்னதற்காக அல்ல, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தாள், சரியாகக் குழி வந்தது, எல்லாக் குரலும் அறுந்தது, அந்த ஒரு மூச்சில் அவள் செருப்புச் சத்தம் சிமெண்டுத் தரையில் வாசலைத் தாண்டிப் போனது, வேறு யாரும் விழவில்லை, சார் சொன்னபடி சுத்தமாகப் பாடி முடித்தார்கள்.

என் அங்கியை உடைமாற்றும் அறையின் ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தேன், சார் பின்னாலேயே வந்தார், மூக்கைச் சிந்தினார், நல்லாத்தான் பாடுனா, என் ஆயுசுல இப்படிக் கேட்டதில்ல, இடந்தெரியாமப் பாடிட்டா என்றார், வேப்பமரத்தடியில் அக்கா நின்றாள், வீட்டுக்கு நடந்தோம், பாதித் தூரத்தில், ஏட்டி, பயந்துட்டியா, இல்ல வேணுமின்னே நின்னியா என்றாள், எனக்கு இப்போதும் தெரியவில்லை, பயத்துக்கும் பிடிவாதத்துக்கும் தொண்டையில் வேறு வேறு இடமா இருக்கிறது, அவள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, வேணுமின்னு நின்னிருந்தா இனி எனக்கு இப்படி நல்லது செய்யாத, எந்திரிக்க ஆளு இல்லன்னு நான் மனசுக்குள்ள கணக்கா வச்சிருந்தேன், நீ அத ஊரக் கூட்டிக் காட்டிட்ட என்றாள், அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தாள், அவள் செருப்புச் சத்தமும் நின்றது, பள்ளி திறந்ததும் அக்கா ஓசூரில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள், கேஸ் முடிந்தது, தீர்ப்பு அவள் பக்கம், கோயிலில் அதை யாரும் அறிவிக்கவில்லை, மரக்கடைக்காரர் மறுபடி கட்டிக்கொண்டார், அதை மூன்று ஞாயிறு அறிவித்தார்கள், ஓசூரில் எங்கே பாடுறே என்று ஃபோனில் கேட்டேன், இங்க பக்கத்துல கோயில் இல்லட்டி என்றாள், இருக்கிறது, நான் வரைபடத்தில் பார்த்தேன்.

வேறு சிலவற்றையும் தேடிப் பார்த்தேன், எனக்கு ஆதாரம் பார்க்கிற பழக்கம், அந்த ராஜா அன்றைக்கு அங்கே வந்தார் என்பதற்கே அந்தக் காலத்துச் சாட்சி ஒன்றும் இல்லையாம், பல வருஷம் கழித்து யாரோ யாரிடமோ கேட்டுச் சொன்னதாம், எழுந்திருந்தாலும் கால் மரத்துப்போய் எழுந்திருக்கலாம் என்கிறார்கள், அந்த நாடகக்காரியின் கணவனே இன்னொருவனை வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டுப் பிறகு கோர்ட்டுக்குப் போனான் என்கிறார்கள், சார் அதைச் சொல்வதில்லை, குருவானவர் எழுந்தார் என்பதும் சொல்லக் கேட்ட கதைதான், இரண்டும் ஒரே எடை, ஒன்றுக்கு மட்டும் உலகம் நிற்கிறது, அன்றைக்கு எடுத்துக் கோயில் போட்ட வீடியோவில் தனிப்பாடலே இல்லை, வெட்டியிருக்கிறார்கள், ஒரு கோரஸ் முடிகிறது, சார் கையை இறக்குகிறார், உடனே கையைத் தூக்குகிறார், நடுவில் ஒரு துடிப்பு, அவ்வளவுதான், உற்றுப் பார்த்தால் அந்தத் துடிப்பில் என் அங்கியின் விளிம்பு தெரியும், சில மத்தியானங்களில் தூக்கத்தில் டப்ளின் வருகிறது, அது எங்கள் கோயில்தான், தேக்குக் கூரை, பெண்கள் கூண்டு வைத்த பாவாடை இல்லாமல், ஆண்கள் வாள் இல்லாமல், அக்கா பாடி முடிக்கிறாள், முன்வரிசையில் ஒருவர் எழுகிறார், அவர் திரும்புகிறார், மாசிலாமணி சார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பெண்ணே, கமிட்டியில பேசிட்டுச் சொல்லுதேன் என்கிறார், சபை ஆமென் என்கிறது, இப்போது அந்தப் பாட்டைப் பாடுவது ஷெர்லி, கமிட்டிச் செயலாளரின் மருமகள், நன்றாகவே பாடுகிறாள், நான் அங்கி இல்லாமல் கடைசிப் பெஞ்சில், ராஜாவின் கோரஸ் வரும்போது எழுவதில்லை, பாவம், அந்தப் பிள்ளைக்குக் காலில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொள்கிறார்களாம்.

ஏட்டி, மணி அடிச்சாச்சு, வாரியா இல்லியா, அம்மா புடவை மாற்றிவிட்டுக் கொல்லை வாசலில் நிற்கிறாள், நான் எழவில்லை, அவளும் போகவில்லை, என் பக்கத்தில் படியில் மெல்ல உட்கார்கிறாள், நல்ல புடவை அழுக்காகும் என்றுகூடச் சொல்லவில்லை, மணி ஓய்கிறது, தேரி மணல்மேட்டுப் பக்கமிருந்து முதல் காற்று வருகிறது, பனையோலைகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கி, செம்மண் கொஞ்சம் எழும்பி, கொடி அசைகிறது, கஞ்சி காய்ந்து விறைத்த அங்கி முதலில் விளிம்பில் நடுங்கி, வயிறு நிறைந்து, நெஞ்சு நிறைந்து, விழுந்து கிடந்த கைகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வர, கழுத்தில் தலை இல்லாமல், உள்ளே யாரும் இல்லாமல், எங்கள் இருவருக்கும் முன்னால் அது எழுந்து நிற்கிறது.